ஆஃப் பண்ணாத டிராக்டர்

என் வீட்டுச் சோறு இத்தனை வருடமும் எண்ணெய்க் கசிவில்தான் வெந்தது. மேற்குத் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே, ஹைட்ராலிக் ஓஸ், அதாவது எண்ணெய் ஓடும் தடித்த ரப்பர் குழாய், போட்டுக் கொடுக்கும் கடை என்னுடையது. டிராக்டர், டிப்பர், பொக்லைன் என்று எண்ணெய் அழுத்தத்தில் எதையாவது தூக்கும் வண்டி எதுவானாலும் ஒருநாள் ஓஸ் வெடித்து, சொட்டச் சொட்ட என் வாசலுக்கு வந்தே தீரும். பழைய ஓஸை அளந்து, புதியதை வெட்டி, இரண்டு முனையிலும் இரும்பு நட்டை வைத்து மெஷினில் நசுக்கிக் கொடுப்பேன். கொஞ்ச நாளில் அதுவும் வெடிக்கும். ஊரில் எல்லாம் ஒழுகிக்கொண்டிருக்கும் வரை நமக்கென்ன கவலை என்று நிம்மதியாக இருந்தேன்.

வருகிறவர்கள் யாரும் வண்டியை ஆஃப் பண்ண மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாசலில் இன்ஜின் தடதடவென்று ஓட, அதற்கு மேல் அவர்கள் கத்த, அவர்களுக்கு மேல் நான் கத்த, இப்படித்தான் என் வியாபாரம் நடந்தது. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் 'உப்பு போதும்' என்பதைத் தெருவுக்கே அறிவிப்பேன். மனைவி இருந்தவரை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எனக்குச் சாப்பாடு போடுவாள். அவள் போன பிறகு வீட்டில் நானும் மகளும் மட்டும். மகள் ஜன்னலைச் சாத்துவதில்லை. காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள்.

அந்த மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். என்ன வேலை என்று கேட்டேன். விவசாய மெஷின்களில் இருக்கும் ஹைட்ராலிக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கரண்ட் மோட்டார் வைக்கும் வேலையாம். எரிபொருளை மிச்சம் பிடிக்கிறார்களாம். உலகத்தில் இருக்கிற அத்தனை வேலையையும் விட்டுவிட்டு என் கடைக்கு நேர் எதிரான வேலையைத் தேடிப் பிடித்திருந்தாள்.

"ஹைட்ராலிக்ல பம்ப் சும்மாவே ஓடிக்கிட்டு இருக்குப்பா. லோடர் தூக்கினாலும் தூக்காட்டியும் எண்ணெய் சுத்திக்கிட்டே இருக்கும், சூடாகும். பாதி டீசல் அந்தச் சூட்டுக்கே போயிடுது. மோட்டார்னா தூக்குறப்ப மட்டும் கரண்ட் எடுத்தா போதும்" என்று சாப்பாட்டு மேஜையில் பாடம் எடுப்பாள்.

"அந்தச் சூட்டுலதான் உன்னைப் படிக்க வச்சேன். இட்லியைச் சாப்பிடு" என்பேன்.

ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க அவளுடைய ஆபீஸுக்குப் போனேன். வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே ஏ.சி. போட்ட போடில் எனக்குப் பல் கிட்டித்துவிட்டது. எரிசக்தி சேமிப்புப் பிரிவில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். என் மகள் சால்வையே போர்த்தியிருந்தாள். கொஞ்சம் குறைத்து வைக்கக் கூடாதா என்று கேட்டேன். அது கட்டட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் அவளுடைய மேனேஜர். சின்ன வயதுக்காரர், வெள்ளைவெளேர் ஷூ, பேச்சில் வாக்கியத்துக்கு ஒரு 'சஸ்டெயினபிலிட்டி'. என்னை 'அங்கிள்' என்றார்.

அந்த அங்கிளிடம் அவருக்கு ஒரு காரியமும் இருந்தது. மெஷின் தயார், சோதித்துப் பார்க்க ஒரு விவசாயி வேண்டும். அவர்களும் தேடாமல் இல்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சைப் பசேல் என்று தெரிகிறதே, அது யாருடைய வயல் என்று கேட்டு ஆளை அனுப்பியிருக்கிறார்கள். போனவன் முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்து, அது சதுப்பு நிலத்தில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரை என்று சொன்னானாம். "உங்களுக்குத் தெரிஞ்ச டிராக்டர்காரர் யாராவது இருக்காங்களா அங்கிள்?" என்றார் மேனேஜர். எனக்கு டிராக்டர்காரர்களைத் தவிர வேறு யாரைத் தெரியும்?

அன்று மாலை வண்டியில் திரும்பும்போதுதான் மகள் மீதியைச் சொன்னாள். சோதனையில் டீசல் நன்றாக மிச்சமாகிறது என்று தெரிந்தால் இந்தத் திட்டம் இங்கேயே தொடரும், அவளும் இங்கேயே இருப்பாள். தெரியாவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு அவளைப் புனேயில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான். ஜெயித்தால் என்றைக்காவது ஒருநாள் என் கடைக்கு ஆபத்து. தோற்றால் உடனே என் வீடு காலி. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கடை நாசமாய்ப் போகட்டும், பெண் வீட்டில் இருக்கட்டும் என்று, தொழிலுக்குத் துரோகம் செய்யத் தாம்பரம் வந்து சேரும் முன்பே தயாராகிவிட்டேன்.

கேளம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி, அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் நெல் போடுகிற நிலம் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அங்கே இரண்டு டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர் என் பழைய வாடிக்கையாளர். ஒன்றை அவர் ஓட்டுவார், இன்னொன்றை அவருடைய மச்சான் ஓட்டுவான். இரண்டிலும் முன்பக்கம் அள்ளித் தூக்கும் லோடர் உண்டு. அறுவடை முடிந்தால் வைக்கோல் கட்டுகளை லாரியில் ஏற்றுவார்கள், மற்ற நாளில் எரு அள்ளுவார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆயிலே வேணாம், ஓஸே வேணாம்னு சொல்றாங்கன்ற. அப்போ நீ இன்னா பண்ணுவண்ணா?"

"நான் டீக்கடை போட்டுக்கிறேன். நீ வண்டியைக் குடு."

"பாப்பா கேக்குதுன்னா எட்த்துக்கோ. ஆனா மெஷின் மக்கர் பண்ணிச்சுன்னு வையி, உன் கடைக்குத்தான் நேரா வந்துகினு இருப்பேன்."

அவர் வண்டியிலிருந்த ஹைட்ராலிக் சிலிண்டர், பம்ப், என் கையால் போட்ட ஓஸ்கள் எல்லாம் இறங்கின. அந்த இடத்தில் மோட்டார் வைத்த இரும்புக் கைகள் ஏறின. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சின்னப் பீரோ அளவுக்கு ஒரு லித்தியம் பேட்டரி உட்கார்ந்தது. இரவில் மாட்டுக்கொட்டகையில் சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டும். பம்ப் போய்விட்டதால் லோடர் தூக்குவதற்கு இனி இன்ஜினே வேண்டாம். நின்ற இடத்தில் இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டே வைக்கோல் கட்டைத் தூக்கலாம், வண்டி நகர்வதற்கு மட்டும் ஆன் பண்ணினால் போதும் என்று மகள் அவருக்குப் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தாள். அவர் பெரிதாகத் தலையாட்டினார். தலையாட்டுவதில் எங்கள் பக்கத்து ஆட்களை மிஞ்ச முடியாது.

மச்சான் வண்டியை ஒன்றும் செய்யவில்லை. அது பழையபடி ஹைட்ராலிக் எண்ணெயிலேயே ஓடட்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். இரண்டு டேங்கிலும் டீசலை அளக்கக் கருவி பொருத்தினார்கள்.

வாரங்கள் ஓடின. மகளின் முகம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. மெஷின் பிரமாதமாக வேலை செய்தது, சத்தமில்லை, சொட்டு எண்ணெய் இல்லை. டீசல் மட்டும் பழையபடியே காலியாகிக்கொண்டிருந்தது. மச்சான் வண்டிக்கும் இதற்கும் பெயருக்குத்தான் வித்தியாசம். மென்பொருளைப் பார்த்தார்கள், அளவுக் கருவியை மாற்றினார்கள், மேனேஜர் ஜெர்மனியில் யாரிடமோ பேசினார். டிராக்டரின் பக்கத்தில் போய் நின்று பார்க்கலாம் என்று மட்டும் ஆபீஸில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே வெயில்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் போய் நின்றோம். நாங்கள் போவதற்குள் டிராக்டர்காரர் ஏரிக்கரைச் சரிவிலிருந்து வண்டியைக் கிளப்பி இறக்கியிருந்தார். அதோடு சரி. லாரி வரும் வரை வண்டி ஓடிக்கொண்டே நின்றது. டீ குடிக்கும்போது ஓடியது. அவர் மரத்தடியில் மச்சானோடு சண்டை போட்டபோது ஓடியது. வைக்கோல் கட்டைத் தூக்கும்போது, இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதபோதும், பழக்கத்தில் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து உறும விட்டுத்தான் தூக்கினார். மச்சானும் அதையேதான் செய்தான். ஒரு நாள் முழுக்க நின்று பார்த்ததில், வண்டி வேலை செய்த நேரத்தைவிடச் சும்மா நின்ற நேரம்தான் அதிகம்.

"ஏன்ணா ஆஃப் பண்ணவே மாட்டேங்கறீங்க?" என்று மகள் கேட்டாள்.

"ஆவாது பாப்பா. ஆஃப் பண்ணா சரியா வராது" என்றார் அவர். ஏன் சரியா வராது என்று அவர் சொல்லவில்லை. சாமி குத்தம் மாதிரி ஏதோ சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு நாங்களும் மேலே கேட்கவில்லை.

அதற்குள் புனேயிலிருந்து பெரிய ஆட்கள் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மேனேஜர் துடிதுடித்துப் போனார். படம் எடுக்க டிரோன், பேனர், இளநீர், பந்தல் எல்லாம் வயலுக்கு வந்தன. டிராக்டர் வழக்கம்போல் ஏரிக்கரைச் சரிவில் மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு நின்றது. வீடியோவுக்கு அது நன்றாக இருக்காது, சமதளத்தில் நடு வயலில் நிறுத்துங்கள் என்றார் மேனேஜர். டிராக்டர்காரர் வாயைத் திறந்தார். பெரிய ஆட்களின் கார் வந்துவிட்டதால் மூடிக்கொண்டார்.

நடு வயலில் வண்டி தடதடத்துக்கொண்டு நின்றது. மேனேஜர் மைக்கில் என்னவோ சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. சைகை காட்டினார். டிராக்டர்காரர் பதிலுக்குச் சிரித்தார். மேனேஜரே போய் ஏறி, "அண்ணா, ஆஃப் பண்ணுங்க, அதானே இதோட பாயிண்ட்டே!" என்று கத்தினார்.

"வாணாம் சார்."

"ஆஃப் பண்ணுங்கண்ணா!"

"சார், பேஜாராயிடும், சொல்றதக் கேளு."

மேனேஜர் பொறுமையிழந்து தானே கையை நீட்டி நிறுத்தும் கைப்பிடியை இழுத்துவிட்டார். இன்ஜின் நின்றது. வயலில் திடீரென்று குருவிச் சத்தம் கேட்டது. டிராக்டர்காரர் மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நெம்புகோலைத் தள்ளினார். லோடர் சத்தமே இல்லாமல் குனிந்து, ஒரு பெரிய வைக்கோல் கட்டை அள்ளி, தலைக்கு மேலே தூக்கி நிறுத்தியது. நின்றுபோன இன்ஜினின் ஆக்சிலேட்டரை அவர் கால் அப்போதும் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் தொழிலுக்குச் சாவு மணி இவ்வளவு அழகாக அடிக்கும் என்று நான் நினைத்ததில்லை. மகள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள், அந்தச் சிரிப்புக்காக எந்தக் கடையையும் மூடலாம் என்றிருந்தது.

இளநீர் முடிந்தது. வண்டி நகர்ந்து காட்டட்டும் என்றார் புனேயிலிருந்து வந்தவர். டிராக்டர்காரர் சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். அந்த டிக்கும் வரவில்லை.

"செல்ஃப் எடுக்காது சார். நான்தான் சொன்னேனே" என்றார் ஒருவித திருப்தியோடு. "தள்ளணும்."

அப்புறம் நான் பார்த்த காட்சி எனக்கு இன்னும் பல வருடத்துக்குப் போதும். எரிசக்தி சேமிப்பின் எதிர்காலத்தைப் பார்க்க விமானத்தில் வந்தவர்கள், கோட்டைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, அந்த எதிர்காலத்தைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். மேனேஜரின் வெள்ளை ஷூ ஒன்று சேற்றில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது, கால் மட்டும் முன்னே போனது. அரை டன் தூக்குகிற லித்தியம் பேட்டரி இருக்கைக்குப் பின்னால் முழுச் சார்ஜில் ஜம்மென்று உட்கார்ந்து சவாரி செய்தது. அதிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கிளப்பக் கூடாதா என்று கேட்டேன். வோல்டேஜ் வேறு, வாரண்டி போய்விடும் என்றார் மேனேஜர் மூச்சு வாங்கிக்கொண்டே. டிரோன்காரன் கடமை தவறாதவன், மேலேயிருந்து அத்தனையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் கை கால் கழுவப் போன பிறகு மகள் டிராக்டர்காரரிடம் போனாள். முகத்தில் ஒரு விதமான அமைதி வந்திருந்தது, அவள் அம்மாவுக்கும் கோபத்துக்கு முன்னால் இப்படித்தான் வரும்.

"வண்டியோட சாதா பேட்டரி எப்ப போச்சுண்ணா?"

"அது போயி ரொம்ப நாள் ஆவுது பாப்பா."

"ஏன் மாத்தல?"

"எதுக்கு? காலையில ஏரிக்கரையில உருட்டினா கெளம்பிகினு போவுது. அப்புறம் நான்தான் ஆஃப் பண்றதே இல்லியே."

"மச்சான் வண்டி?"

"அதுவும் அப்டித்தான் கீது. வூட்டு வண்டியாச்சே."

அதாவது பேட்டரி இல்லாததால் ஆஃப் பண்ணுவதில்லை, ஆஃப் பண்ணாததால் பேட்டரி தேவையில்லை. இதில் ஒரு பிசிறும் கிடையாது. இந்த ஏற்பாட்டுக்குள் நாங்கள் மேல்நாட்டு மோட்டாரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, டீசல் செலவு ஏன் குறையவில்லை என்று ஜெர்மனிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு வண்டிக்கும் சாதாரண பேட்டரி புதிதாக வாங்க வேண்டும் என்று மகள் ஆபீஸில் கேட்டாள். ஈய பேட்டரி வாங்குவது நிறுவனத்தின் பசுமைக் கொள்கைக்கு எதிரானது என்று பதில் வந்தது. நல்ல கொள்கை. என் கடைக்குப் பக்கத்துக் கடையிலேயே இரண்டை வாங்கி, என் ஸ்கூட்டரின் காலடியில் ஒவ்வொன்றாக வைத்துக் கொண்டுபோய் மாட்டினோம். அவரையும் மச்சானையும் உட்கார வைத்து, நின்றால் ஆஃப், நகர்ந்தால் ஆன் என்று மகள் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். முதல் நாள் டிராக்டர்காரர் ஆஃப் பண்ணிவிட்டு உடனே ஆன் பண்ணிப் பார்த்தார். மறுபடி ஆஃப், மறுபடி ஆன். சாவியைத் திருப்பியதும் கிளம்புகிறது என்பதில் அவருக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை லித்தியம் பேட்டரியால் கொடுக்க முடியவில்லை.

டீசல் செலவு சரசரவென்று குறைந்தது. மேனேஜர் போனிலேயே கூத்தாடினார். மகள் மட்டும் ஆடவில்லை. இரண்டு வண்டியிலும் குறைந்திருந்தது, அதுதான் சங்கடம். எண்ணெயில் ஓடும் மச்சான் வண்டியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. மோட்டார் வைத்த வண்டி அதைவிடக் கொஞ்சம்தான் முன்னால் நின்றது.

"அந்தக் கொஞ்சம் நிஜம்ப்பா. அதை இன்னும் பெருசாக்க முடியும். ஒரு வருஷம் குடுத்தா போதும். ஆனா இப்போதைக்கு மிச்சமானதுல பெரும்பங்கு அந்த சாதா பேட்டரியோடது" என்றாள்.

மேனேஜர் அவளுக்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். முன்பு இவ்வளவு குடித்த டிராக்டர், மோட்டார் வைத்த பிறகு இவ்வளவுதான் குடிக்கிறது. அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. மச்சான் வண்டியை விட்டுவிட வேண்டும், 'அது நம்ம ஸ்கோப்லயே இல்ல' என்றாராம்.

புனேயோடு பேசும் நாளுக்கு முந்தின மாலை நானும் அதையேதான் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை, நேராகவே சொன்னேன். "மச்சான் வண்டியைப் பத்திப் பேசாத. யாரு வந்து கேக்கப் போறா?"

"ஒழுகுற ஓஸை ஒழுகலைன்னு சொல்லி யாருக்காவது மாட்டி அனுப்பியிருக்கீங்களா நீங்க?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

அழுத்தத்தில் ஓஸ் வெடித்தால் எதிரில் நிற்பவன் கண் போய்விடும், ஒழுகுவதை எப்படிக் கொடுப்பது? தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவள் மேல் அவ்வளவு கோபம் வந்தது. நேர்மையை எங்கே கற்றாளோ அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம், வீட்டுக்குள் கொண்டுவந்து அப்பனையே அடிக்கிறாள் என்று அடுப்படியில் நின்று முணுமுணுத்தேன். என் முணுமுணுப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பேசினாள். நான் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்குவது போல நின்றேன். மேனேஜர் ஆரம்பித்து வைத்தார், கணீரென்ற குரல். பிறகு இவள் பேசினாள். மச்சான் வண்டியில் ஆரம்பித்தாள். ஒன்றையும் விடவில்லை, ஏரிக்கரையைக்கூட விடவில்லை. முடித்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக நன்றி சொன்னது. பெரிய நிறுவனங்களில் கழுத்தை அறுப்பதற்கு முன் நன்றி சொல்வார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

திட்டத்தை மூடினார்கள். இன்னும் ஒரு வருடம் கேட்டாள், கிடைக்கவில்லை. மேனேஜர் தள்ளுகிற காட்சியை வெட்டிவிட்டு, தூக்குகிற காட்சியை மட்டும் வைத்து வீடியோ போட்டு, வேறு பெரிய இடத்துக்குப் போய்விட்டார். என் மகளுக்குப் புனேக்கு உத்தரவு வந்தது. போகாமல் இருக்க முடியாதா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "அங்க இதே வேலையைத் திரும்ப ஆரம்பிக்க வைக்க முடியும்ப்பா, போனாத்தான் முடியும்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் அழுகை வந்துவிடும், எனக்கு மெதுவாக அழத் தெரியாது.

கிளம்புகிற அன்று காலை கால் டாக்சி வந்து வாசலில் நின்றது. நாங்கள் பெட்டிகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். டிரைவர் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு இன்ஜினை ஓட விட்டு உட்கார்ந்திருந்தார். மகள் கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணா, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். ஆஃப் பண்ணிடுங்க."

அவர் ஒரு கணம் தயங்கினார். பாவம், மேடம் சொல்லிவிட்டார்களே என்று ஆஃப் பண்ணினார்.

பெட்டிகள் ஏறின. அம்மா படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்து அவளும் ஏறினாள். டிரைவர் சாவியைத் திருப்பினார். டிக்.

"செல்ஃப் வீக் சார். கொஞ்சம் தள்ளி விடுங்க" என்றார்.

மகள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? தள்ளாமல் விட்டால் விமானம் போய்விடும், இன்றைக்கு ஒரு நாள் வீட்டில் இருப்பாள். அவள் இறங்கப் போனாள். "நீ உக்காரு" என்று கத்திவிட்டுப் பின்னால் போய்க் கையை வைத்தேன். எதிர் வீட்டுக்காரரும் ஓடி வந்தார். எங்கள் தெருவில் சரிவும் கிடையாது. என் பெண்ணை என் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் நானே தள்ளிக்கொண்டு போனேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது, வண்டி நிற்காமல் திரும்பிவிட்டது. நின்றால் மறுபடி தள்ள வேண்டும் என்று டிரைவருக்குத் தெரியும்.

சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. டிராக்டர்காரர் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார். கம்பெனி ஆட்கள் முந்தின வாரமே வந்து மோட்டாரையும் லித்தியத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"பழைய சிலிண்டரையே மாட்டிட்டேண்ணா. ஓஸ் எல்லாம் புச்சா போட்டுக் குடு. பாப்பா பூட்டுச்சா?"

"போயிட்டா."

"நல்ல புள்ளண்ணா அது."

அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய வேலை அதுதான். ஓஸை அளந்தேன், வெட்டினேன். எங்கே வேலை பார்க்கப் போகிறாள், சாப்பாடெல்லாம் எப்படி, கோதுமைதானா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது ஓஸை நசுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் இந்தக் கடையில் அந்த மனிதரிடம் நான் கத்தாமல் பேசியதே கிடையாது. அன்று இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் டிராக்டர் நின்றிருந்தது. ஆஃப் பண்ணியிருந்தார்.